பொருத்தம் கேட்கப் போன வாரம்

"பொருந்திக்க மைமூன்," என்றேன்.

"எதுக்கு?" என்றாள்.

அந்த வாரம் முழுக்க நான் மருதமுனையில் ஏறி இறங்காத வீடு இல்லை. ஒருவர்கூட இப்படிக் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் புனித இடங்களைப் பார்த்து வரும் ஸியாரத்துக்காகத் தூரப் பயணம் போகிறவர்கள், புறப்படும் முன் வீடு வீடாகப் போய்ப் பொருத்தம் கேட்பார்கள். அறிந்தும் அறியாமலும் செய்த பிழையைப் பொருந்திக்கொள்ளுங்கள் என்று நாம் கேட்க வேண்டும். "பொருந்தினன், நீயும் பொருந்திக்க" என்று அவர்கள் சொல்வார்கள். பிறகு ஒரு வாய் கோப்பி குடித்துவிட்டு அடுத்த வீட்டுக்கு நடக்க வேண்டியதுதான். என்ன பிழை என்று யாரும் கிளறமாட்டார்கள். கிளறத் தொடங்கினால் ஊரில் ஒருவரும் பயணம் போக முடியாது.

மைமூன் கிளறினாள். கிணற்றில் பாதி ஏறிய வாளியை அப்படியே பிடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள். இரவெல்லாம் பெய்த மழை தென்னோலைகளிலிருந்து எங்கள் இருவர் தலையிலும் சொட்டிக்கொண்டிருந்தது.

மைமூன் என் பெரியம்மாவின் மகள். என்னைவிட இரண்டு மாதம் மூத்தவள். எங்கள் ஊரில் வீடும் அது நிற்கிற வளவும் பெண்பிள்ளைகளுக்குத்தான் போகும். மாப்பிள்ளைமார் வந்து குடியிருப்பார்கள். அதனால் அவள் வீடும் என் வீடும் ஒரே வளவில் இருந்தன. நடுவில் ஒரு கிணறு. இவர்கள் இருவருக்கும் இடையில் காற்றுக்கூடப் போகாது என்று ஊரார் எங்களைக் கேலி செய்வார்கள். அவளுக்கு ஒரு கெடுதல் செய்ய என்னால் முடியாது என்று எல்லாரையும் போல நானும் நம்பியிருந்தேன்.

பஸ் இருக்க நடந்தது ஏன்

என் கலியாணச் சாப்பாட்டில் உப்புக் கூடிப்போன கதையைப் போன வாரம் எழுதினேன் அல்லவா, ஜெய்லானி மலைக்கு நடந்ததையும் அதில் ஒரு வரி சொல்லியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகர் வேறொன்றைக் கேட்டு எழுதியிருக்கிறார். அக்காலத்தில் பஸ் ஓடியதே, பிறகு எதற்காக ஜெய்லானிக்கு நடந்தீர்கள் என்று. நியாயமான கேள்வி. பஸ்ஸில் வருவதாக நான் நேர்ந்திருந்தால் பஸ்ஸில்தான் போயிருப்பேன். ஆனால் பயத்தில் நேர்ச்சை வைப்பவள் சிக்கனம் பார்ப்பதில்லை.

என் கணவர் ஆதம்பாவா சாய்ந்தமருதுக்காரர். கரைவலைத் தோணியில் போகிறவர். ஓர் ஐப்பசிக் கடைசியில், மாரி வந்து தோணி இறக்க முடியாதபடி கடல் மூடப்போகிற நேரத்தில், வலையைக் காப்பாற்றப் போன தோணி திரும்பவில்லை. ஒரு பகலும் ஓர் இரவும் போயின. அந்த நேரம் முழுக்க மைமூன் என் முதுகைத் தடவிக்கொண்டு பக்கத்தில் இருந்தாள். அவர் உயிரோடு வந்தால் நானும் அவரும் ஜெய்லானிக்குக் காலால் நடந்து வருகிறோம் என்று நான் கையேந்தியபோது, அதற்கு ஆமீன் சொன்னவளும் அவள்தான்.

மறுநாள் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு அவர் ஒலுவிலிலிருந்து ஒரு மாட்டு வண்டியில் வந்து இறங்கினார். நீரோட்டம் தெற்கே இழுத்துக்கொண்டு போயிருந்தது. யாரோ கொடுத்த சாரன் அவர் முழங்காலுக்கு மேல் நின்றது. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

ஜெய்லானி, பலாங்கொடைக்கு அப்பால் காட்டுக்குள் இருக்கும் மலை. அங்கே ஒரு குகையில் இறைநேசரான வலியுல்லா தியானத்தில் இருந்தார் என்று எங்கள் ஆட்கள் நம்பிப் போவார்கள். பொத்துவில் வரை கடற்கரையோரம் போய், பிறகு மேற்கே திரும்பி, மொனராகலை, வெல்லவாய என்று காடும் மேடும் தாண்ட வேண்டும். பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும்.

பிறை மாதம் வருடத்துக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே இருக்கும். இங்கினியாகலை அணையைப் பற்றி எல்லாரும் வாய் ஓயாமல் கதைத்த அந்த வருடங்களில், ஜெய்லானியில் கொடியேறும் ரபீஉல் ஆகிர் மாதம் நடு மாரியில் வந்து விழுந்தது. மழை, சேறு, வாடைக் குளிர் எல்லாம் உண்டு. ஆனால் மாரியில் கடலும் தறியும் ஓய்ந்திருக்கும். கரைவலை இழுக்க முடியாது. கஞ்சி போட்ட பாவு நூல் காயாது. எங்கள் ஆட்களுக்கு நடப்பதற்கு அதுதான் தோதான காலம்.

மணலில் பழகிய கால்

நடந்து பழக வேண்டும் என்று முடிவு செய்தோம். கடற்கரை ஆட்கள் எங்கே பழகுவோம்? கடற்கரையில்தான். சுபஹு தொழுதுவிட்டு, நான் முக்காட்டை இறுக்கிக்கொண்டு முன்னால் போக, அவர் பின்னால் வர, பெரியநீலாவணை வரை மணலில் போய்த் திரும்புவோம். பத்து நாளில் என் கெண்டைக்கால் கல்லாகிவிட்டது. அவருக்கு ஒரே பெருமை. மக்காவுக்கே நடந்துவிடலாம் என்றார்.

பெரியநீலாவணையில் கனகம்மாக்கா என்று ஒருவர் இருந்தார். மீன் கூடையோடு எங்கள் ஊருக்கு வருபவர், கதிர்காமத்துக்குக் காட்டு வழியாக மூன்று தடவை நடந்தவர். பதினோராம் நாள் எங்களை மறித்தார்.

"ஒவ்வொரு நாளும் என்ன கா, கடற்கரைய அளக்கிறீங்களா?"

ஜெய்லானி விஷயத்தைச் சொன்னேன். கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார்.

"மலைக்குப் போறதுக்கு மணலிலயா பழகிற? அங்க கிறவலும் கல்லும்தான் கிடக்கு. உள்ளங்கால் கிழிஞ்சு போகும் புள்ள. செருப்பையும் நம்பாத, சேத்தில அறுந்து போகும்."

அன்றே வயலுக்குப் போகும் கிறவல் பாதையில் வெறுங்காலோடு நடந்து பார்த்தோம். அரை மைல் போகவில்லை. கணவர் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு வரம்பில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு இரண்டு உள்ளங்காலிலும் இரத்தம். மக்காவைப் பற்றி அதற்குப் பிறகு அவர் கதைக்கவில்லை.

வீட்டுக்கு நொண்டிக்கொண்டு வந்தபோது மைமூன்தான் பார்த்தாள். வேப்பெண்ணெயைச் சூடாக்கிக்கொண்டு வந்து, என் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துத் தடவினாள். அந்தப் பயண ஆயத்தத்தில் பாதி அவள் செய்ததுதான். அரிசிமா வறுத்தாள், மாசிச் சம்பல் இடித்தாள், பொரிவிளாங்காய் உருண்டை பிடித்து டின்னில் அடைத்தாள். மழைக்குப் போட்டுக்கொள்ளச் சாக்கை மடித்துத் தலையில் நிற்கும்படி மூலை தைத்துக் கொடுத்தாள். அவள் செய்யச் செய்ய என்னால் அங்கே நிற்க முடியவில்லை. நீ போ, நான் செய்கிறேன் என்று ஒரு நாள் எரிந்தும் விழுந்தேன். அவள் கணக்கெடுக்கவில்லை.

ஒரு சின்னச் சொல்

நான் செய்தது இதுதான். எழுபது வயதுக்கு மேல் எழுதுவதில் என்ன வெட்கம், எழுதிவிடுகிறேன்.

ஆதம்பாவா வீட்டார் முதலில் கேட்டு வந்தது என்னை அல்ல, மைமூனை. அவருடைய மூத்த சகோதரி, இன்றைக்கு என் மதினி, பெண்ணைப் பார்த்து விசாரிக்க வந்தார். பெரியம்மாவிடம் கதைத்துவிட்டு என் பக்கம் வந்தார். நான் நூல் சுற்றிக்கொண்டிருந்தேன்.

"மைமூன் எப்பிடிப் புள்ள? நீதான் கூடவே இரிக்கிறவள். உனக்குத் தெரியாததா?" என்றார்.

"நல்ல புள்ள ராத்தா. ஒரு குறையும் இல்ல." அதோடு வாயை மூடியிருக்கலாம். "மாரி வந்தாத்தான் கொஞ்சம் தொய்வு," என்றேன்.

தொய்வு என்றால் மூச்சு முட்டும் வருத்தம். மைமூனுக்கு ஏழு வயதில் ஒரு மாரியில் அது வந்தது உண்மை. ஒரே ஒரு மாரி. அதற்குப் பிறகு அவள் தென்னை மரம் ஏறாத குறையாகத்தான் வளர்ந்தாள்.

ஏன் சொன்னேன்? அதற்கு இரண்டு வெள்ளிக்கிழமைக்கு முன் நான் அவரைக் கண்டுவிட்டேன். மீன் கொடுக்க வந்தவர், கையில் பாரை மீன் கோவையோடு எங்கள் ஒழுங்கையில் நின்றார். ஒரு கன்றுக்குட்டி அவருடைய சாரன் தலைப்பைச் சப்பிக்கொண்டிருந்தது. அதை இழுக்கவும் மனமில்லாமல், விடவும் முடியாமல் தனியே நின்று சிரித்தார். தென்னோலைக் கிடுகு வேலியில் ஒரு விரல் அகல இடைவெளி. அதற்குள்ளால் பார்த்தேன். அன்றே எனக்கு எல்லாம் முடிந்துபோயிற்று.

ஒரு மாதத்துக்குள் அதே மதினி எங்கள் வீட்டுக்குக் கேட்டு வந்தார். உம்மாவுக்கு மைமூனை நினைத்துச் சங்கடமாக இருந்தது. பெரியம்மாதான், "எங்கட வளவுக்குள்ளதானே வாறார், ஆருக்கு வந்தா என்ன" என்று பெருந்தன்மையாகச் சொன்னார். மைமூன் என் கைக்கு மருதாணி வைத்தாள்.

சொல் அங்கே நிற்கவில்லை. சாய்ந்தமருதில் சொன்னது கல்முனைக்குடிக்குப் போய், நிந்தவூருக்குப் போய், "அந்தத் தொய்வுக்காரப் புள்ள" என்று எங்களிடமே திரும்பி வந்தது. மூன்று மாரி ஒருவரும் அவளைக் கேட்டு வரவில்லை. கடைசியில் பெரியம்மாவே நம்பத் தொடங்கிவிட்டார். ஊரெல்லாம் சொல்கிறதே, உள்ளுக்குள் இருக்கும் என்று மாரி தொடங்கியதும் கொத்தமல்லியும் வேர்க்கொம்பு என்கிற சுக்கும் அவித்து, காலையும் மாலையும் அவளுக்குக் கொடுத்தார். இல்லாத வருத்தத்துக்கு அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தாள். அதை நான் கிணற்றடியில் நின்று பார்த்தேன்.

கிணற்றடியில்

எங்கள் பயணக் கூட்டத்துக்குத் தலைவர், பள்ளியில் ஓதிக்கொடுக்கும் ஒரு லெவ்வை. சாதுவான மனிதர். புறப்படுவதற்கு ஒரு வாரம் முன் எல்லாரையும் கூட்டி ஒன்று சொன்னார்.

"அல்லாஹ்வுக்குச் செஞ்ச குறைய அவன் மன்னிப்பான். ஆக்களுக்குச் செஞ்சத ஆக்கள்தான் பொருந்தணும். அதச் சுமந்துக்கிட்டு மலை ஏறாதீங்க. ஏறியும் பலனில்ல."

மற்றவர்கள் தலையாட்டினார்கள். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. என் கணவருடைய உயிருக்காக நேர்ந்த நடை அது. அந்த நடை பலிக்காமல் போனால் அவர் மறுபடி கடலுக்குப் போகும்போது என்ன ஆகும் என்று என் மனம் கண்டபடி ஓடியது. வயிற்றுவலி என்று படுத்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். நேர்ச்சையை முறித்தால் அது அதைவிடப் பயம்.

ஆகவே மற்ற வீடுகளை எல்லாம் முதலில் முடித்தேன். பக்கத்து வீட்டைக் கடைசியாக வைத்தேன். எல்லாரையும் போல அவளும் "பொருந்தினன்" என்று சொல்லிவிடுவாள், விஷயம் வாய்க்குள்ளேயே முடிந்துவிடும் என்று ஒரு கள்ள எண்ணம்.

"எதுக்கு?" என்றாள்.

"அறிஞ்சும் அறியாமலும் செஞ்ச..."

"அறியாமச் செஞ்சதெல்லாம் பொருந்தினன். அறிஞ்சு செஞ்சது என்ன?"

சொன்னேன். வாளியைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். மதினி கேட்டதை, நான் சொன்னதை, வேலி இடைவெளியை, கன்றுக்குட்டியை எல்லாம். அவள் கயிற்றை விட்டுவிட்டாள். வாளி கிணற்றுக்குள் போய் விழுந்தது.

"மூணு மாரி கொத்தமல்லி குடிச்சன்," என்றாள்.

"ஓம்."

"நீ பாத்துக்கிட்டு நிண்டாய்."

"ஓம்."

"என்னட்ட வந்து சொல்லியிருந்தா விட்டுத் தந்திருப்பன் எண்டு சொல்லமாட்டன். விட்டிருக்கமாட்டன். ஆனா நீ கேட்டிருக்கணும்."

அவள் ஈரக் கையைச் சீலையில் துடைத்தாள்.

"இப்ப பொருந்தமாட்டன்," என்றாள். "வாளிய நீயே எடு."

கொளுக்கி கட்டிய கயிற்றைப் போட்டுத் துழாவி அந்த வாளியை எடுக்க எனக்கு நடுப்பகல் ளுஹர் தொழுகை வரை ஆயிற்று. கிணறு இன்றைக்கும் இருக்கிறது. மேலே சிமெந்து வளையம் போட்டு மோட்டர் வைத்துவிட்டார்கள். மைமூன் கண்ணை மூடிப் பல வருடம். மழை நாளில் அந்தப் பக்கம் போனால், வாளி விழுந்த சத்தம் எனக்கு இப்போதும் கேட்கிறது.

சாக்குக் குல்லா போட்டவள்

புறப்பட்ட காலையில் தூறல். பள்ளிவாசல் முன்னால் பதினெட்டுப் பேர் சேர்ந்தோம். வயதானவர்களுக்கும் மூட்டைகளுக்கும் அக்கரைப்பற்று வரை ஒரு வண்டி. லெவ்வை பாத்திஹா ஓதினார். உம்மா என் நெற்றியில் கை வைத்து அழுதார். இரண்டு நாளாக மைமூன் என்னோடு கதைக்கவில்லை. வழியனுப்பவும் வரவில்லை. பொருத்தம் கிடைக்காதவளாகவே நான் காலை எடுத்து வைத்தேன்.

அப்போதுதான் ஒழுங்கைக்குள்ளிருந்து பெரியம்மாவின் சத்தம் கேட்டது.

"இவக்குப் பைத்தியம் பிடிச்சிட்டு. மாரியில போறாவாம். மூச்சு முட்டிச் செத்துப் போவாய் மனே."

முன்னால் மைமூன் வந்தாள். தலையில் சாக்குக் குல்லா, இடுப்பில் ஒரு துணி மூட்டை. எனக்குத் தைத்தது போலவே தனக்கும் ஒன்று தைத்துக்கொண்டிருக்கிறாள். தாயின் இரண்டு கையையும் பிடித்து, "உம்மா, பொருந்திக்கங்க," என்றாள். பெரியம்மா பாவம், என்ன செய்வார். "பொருந்தினன்," என்றார்.

என் பக்கத்தில் வந்ததும் ஒரு பொட்டலத்தை என் கையில் திணித்தாள். கொத்தமல்லியும் வேர்க்கொம்பும்.

"இது உனக்கு," என்றாள். பிறகு வண்டியில் இடமில்லாமல் நான் தலையில் வைத்திருந்த அரிசி மூட்டையைத் தூக்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

பாண்டிருப்பு போயிற்று, கல்முனை போயிற்று. அவள் திரும்பியே பார்க்கவில்லை. நான் பின்னாலேயே அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டு போனேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு இரண்டு பயமும் இருந்தது. அவளுக்கு மூச்சு முட்டினால் அந்தப் பழியும் என் தலையில். முட்டாவிட்டால் நான் சொன்னது பொய் என்று பதினேழு பேருக்கும் தெரியும்.

சாய்ந்தமருதில் மதினி கோப்பிப் பானையோடு வாசலில் நின்றார். எல்லாருக்கும் சிரட்டையில் ஊற்றிக் கொடுத்துக்கொண்டு வந்தவர், மைமூனைக் கண்டதும் நின்றுவிட்டார்.

"இவவ ஏன் கூட்டிப் போறீங்க? மாரியில தொய்வு வாற புள்ளயாச்சே."

மைமூன் என்னைப் பார்த்தாள். அவ்வளவுதான். கணவர் பக்கத்தில் நிற்கிறார், லெவ்வை நிற்கிறார், ஊரார் நிற்கிறார்கள். அவள் ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை.

"அவக்குத் தொய்வு இல்ல மதினி," என்றேன். என் குரல் எனக்கே யாருடையதோ போல் கேட்டது. "சின்ன வயசில ஒருக்கா வந்தது, அதோட போயிற்று. தெரிஞ்சுக்கிட்டுத்தான் உங்கட்ட அப்பிடிச் சொன்னன். உங்கட தம்பிய எனக்குப் பிடிச்சிருந்திச்சு."

லெவ்வை வானத்தைப் பார்த்து மழை எப்போது விடும் என்று ஆராய்ந்தார். மதினி பானையைக் கீழே வைத்தார். என்னை ஏசப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் மைமூனிடம் போனார்.

"மூணு வருசமா நானும் கேட்ட ஆக்களுக்கெல்லாம் சொல்லிட்டன் புள்ள. என்னப் பொருந்திக்க."

"பொருந்தினன் ராத்தா," என்றாள் மைமூன், அந்த நிமிடமே. மூட்டையை இறக்காமலே கோப்பியை வாங்கிக் குடித்தாள்.

எனக்கு ஒன்றும் சொல்லவில்லை.

காரைதீவைத் தாண்டும் வரை கணவர் கடல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். என் கலியாண வாழ்க்கை அந்தத் தார் றோட்டிலேயே முடிந்தது என்று நினைத்தேன். பிறகு மெல்லக் கேட்டார்.

"என்ன எங்க வச்சுக் கண்டாய்?"

"வேலிக்குள்ளால. கண்டுக்குட்டி சாரனச் சப்பின அண்டைக்கு."

அவர் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. எனக்குக் கண்ணில் நீர் வந்தது. முன்னால் போன மைமூனின் தோள் ஒரு தரம் குலுங்கியது போலிருந்தது. சிரித்தாளா, வேறா, தெரியாது. அவள் இன்னும் வேகமாக நடந்தாள். நான் ஓட்டமும் நடையுமாகப் போய் அவளைப் பிடித்தேன். பேச வேண்டும், ஆனால் மூச்சு வாங்கி ஒரு சொல்லும் வெளியே வரவில்லை. அவள் மூச்சு ஒரே சீராகப் போய்க்கொண்டிருந்தது.

என் கையிலிருந்த பொட்டலத்தைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"பாதி பொருந்தினன்," என்றாள். "மத்தப் பாதி மலையில. நட."

நான் நடந்தேன்.